தோர்ன்பெக் மடத்தில் மழை பார்த்த கதை

தோர்ன்பெக் மடத்தின் கூரை போய் ஐந்நூறு வருசம் ஆகப்போகிறது, ஆனால் அந்தச் செய்தி மழைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கிலாந்தின் வடக்கிலே, செம்மறிகள் மேயும் இரண்டு மேடுகளுக்கு நடுவில், ஒரு சின்ன ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் அந்த மடம் நிற்கிறது. ஒரு காலத்தில் வெள்ளை அங்கி போட்ட துறவிகள் நூறு பேர் அங்கே வாய் திறக்காமல் வாழ்ந்தார்கள். உப்பு வேண்டுமென்றால் ஒரு விரல், ரொட்டி வேண்டுமென்றால் இரண்டு விரல், மனதில் இருப்பதைச் சொல்ல விரலே கிடையாது. பிறகு ஒரு மன்னனின் ஆட்கள் வந்து, துறவிகளைத் துரத்தி, கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தை உருக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூரை போனது, கதவு போனது, கண்ணாடி போனது, தூணும் சுவரும் மட்டும் நின்றன. அடுத்த நாள் மழை வந்தது. வந்த மழை பழைய பழக்கத்தில் கூரை இருந்த உயரம் மட்டும் இறங்கி, அங்கே நின்று, இரண்டு பக்கமும் வழிந்து சுவருக்கு வெளியே கொட்டியது. இன்றைக்கும் அப்படித்தான் கொட்டுகிறது.

இதை லீட்ஸ் நகரத்து எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது போன வருசம் ஆவணி மாதத்தில். தமிழர் ஒன்றியத்தின் வருடாந்தச் சுற்றுலா. ஒரு பஸ், நாற்பத்தெட்டுப் பேர், மூன்று பெரிய தட்டில் புளிச்சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், றோல்ஸ், ஒரு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி, அதோடு போகிற இடத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாத நிம்மதி. தேவாலயத்தின் நடுவிலே, புல் முளைத்த நிலத்தில் பாயை விரித்துச் சாப்பாட்டைத் திறந்தபோது மழை பிடித்தது. எல்லோரும் குடையை விரித்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, ஏன் விரித்தோம் என்று பார்த்தார்கள். மேலே வானம், வானத்திலே மழை, கீழே நாற்பத்தெட்டுப் பேர், இடையிலே ஒன்றுமில்லை, ஆனால் புளிச்சாதத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. குடையை மடக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். வேறென்ன செய்வது, பசி.

ஒன்றியத்தின் தலைவி கௌரிதேவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "கூரை இருக்குதெண்டால் இது கோயில். கோயில் எண்டால் சப்பாத்தைக் கழட்ட வேணும்," என்றாள். அது நியாயமாகப் பட்டது. நாற்பத்தெட்டுப் பேரும் சப்பாத்தைக் கழற்றி வாசல் தூணடியில் வரிசையாக விட்டார்கள். மழை ஏன் விழவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. சப்பாத்து இருந்த இடம் வெளிப்பக்கம் என்றபடியால் அவ்வளவும் நனைந்து ஊறிப்போனது, அதைப் பற்றித்தான் திரும்பி வரும்வழி முழுக்கக் கதை.

இன்னும் ஒரு கதையும் இருந்தது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் தலையிலிருந்து கால்வரை நனைந்து போயிருந்தன. வெளியிலே ஓடித் திரிந்திருக்குங்கள் என்று தாய்மார் ஆளுக்கொரு குட்டு வைத்து உடுப்பு மாற்றினார்கள். ஆனால் பெரிய ஆட்களில் ஒரே ஒருவர் நனைந்திருந்தார். கந்தப்பிள்ளை, எழுபது வயது, ஊரிலே தபாற்கந்தோரில் முத்திரை குத்தினவர். அவர் எங்கேயும் ஓடவில்லை. பாயின் நடுவிலே சம்மணம் போட்டு இருந்தார், அவருடைய தலைக்கு மேலே மட்டும் கோழிக்கூட்டு அகலத்துக்கு மழை பெய்தது. இடப்பக்கம் நகர்ந்தார், மழையும் நகர்ந்தது. வலப்பக்கம் வந்தார், மழையும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தார்கள்.

"எனக்கெண்டு ஏன் பெய்யுது?" என்று கந்தப்பிள்ளை சிரித்தார். "நான் என்ர மலச்சிக்கல் வரைக்கும் உங்களிட்டைச் சொல்லிப்போட்டனே!"

சிரித்தது அவர் மட்டும்தான். ஒரு சனத்தை மழை விட்டுவிட்டு ஒரு மனிசனை மட்டும் பிடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும், நெருப்பில்லாமல் புகையுமா? பஸ் லீட்சுக்கு வந்து சேர முன்னமே மூன்று காரணம் தயாராகிவிட்டது. தபாற்கந்தோரில் ஆட்களின் கடிதத்தைப் பிரித்து வாசித்திருப்பார் என்றது ஒன்று. முதல் மனைவி ஒருத்தி எங்கோ இருக்கிறாள் என்றது இன்னொன்று. மூன்றாவதை ஆம்பிளைகள் பெண்டுகளுக்குச் சொல்லவில்லை, பெண்டுகளுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் கந்தப்பிள்ளை வந்து இருந்த வரிசையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. அதற்கடுத்த மாதம் அவரும் வரவில்லை.

இப்படித்தான் மழை பார்க்கிற வழக்கம் தொடங்கியது. தொடக்கி வைத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் கௌரிதேவியைக் காட்டுவார்கள், அவள் காலம் கெட்டுப்போச்சு என்று காலத்தைக் காட்டுவாள். ஊரிலே என்றால் ஒரு சம்பந்தம் வந்தால் நாலு பேரைக் கேட்கலாம், கிணற்றடியில் விசாரிக்கலாம், பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடிக்கலாம். இங்கே ஆர் எவர் என்று எப்படித் தெரியும்? ஒருவன் கனடாவால் வருகிறான், ஒருத்தி நோர்வேயால் வருகிறாள், கேட்ட கேள்விக்கெல்லாம் நல்ல பதில் சொல்லுகினம். சாதகத்தையே கணினியில் திருத்துகிறார்களாம். மழையை ஆர் திருத்துவது? ஆகவே பொருத்தம் பார்த்த பிறகு, நிச்சயம் பண்ண முன்னம், இரண்டு வீட்டாரும் தோர்ன்பெக் மடத்துக்குப் போய் மழையில் நிற்பது என்று ஆனது. நல்லநாள் பார்க்கிற ஐயர் முதலில், "உது எங்கட சாஸ்திரத்தில் இல்லை," என்று முகத்தைச் சுளித்தார். பிறகு வருணன் சாட்சி என்று ஒரு சுலோகத்தை எங்கிருந்தோ எடுத்து வந்தார். வானிலை அறிக்கையில் எண்பது வீதத்துக்கு மேலே மழை காட்டுகிற ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாயிற்று. அறுபது வீதம் மத்திமம். வெயில் எறித்தால் சகுனம் சரியில்லை என்று குடையை மடக்கிக்கொண்டு முகம் தொங்கத் திரும்பி வருவார்கள்.

வாசலில் அனுமதிச் சீட்டுக் கிழிக்கிற மிஸிஸ் ஹெப்டன் இதையெல்லாம் தன் மரக்கூட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். உள்ளே மழை விழாத விசயம் உங்களுக்குத் தெரியாதா என்று ஒருநாள் கௌரிதேவி கேட்டாள்.

"தெரியாமல் என்ன," என்றாள் மிஸிஸ் ஹெப்டன். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழை நாளில் நாங்கள் ஒருவரும் உள்ளே போவதில்லை. எனக்கும் என் கணவருக்கும் கல்யாணமாகி நாற்பத்தொரு வருசம். நன்றாகத்தான் இருக்கிறோம். அப்படியே இருக்கட்டும்."

வெள்ளைக்காரர் கதைப்பது பாதி இப்படித்தான் விளங்காமல் இருக்கும் என்று கௌரிதேவி அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

ஒரு வருசத்தில் பதினொரு சம்பந்தம் மழை பார்த்தார்கள். ஒன்பது நனையாமல் வந்தது, ஒன்பதும் கலியாணமாயிற்று. பிராட்போர்டில் இருந்து வந்த ஒரு பெண் பிள்ளை, கெட்டிக்காரி, வாயாடி, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுகிறவள், சேலையெல்லாம் தொப்பலாக நனைந்து நின்றாள்; மாப்பிள்ளை வீட்டார் அவளோடு சேர்ந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கார் ஏறினார்கள். மற்றது ஒரு மாப்பிள்ளைப் பெடியன், அவனுக்கு இன்னும் பெண் கிடைக்கவில்லை. பன்னிரண்டாவதாக வந்ததுதான் இராசமலருடைய மகனின் சம்பந்தம்.

இராசமலருக்கு அறுபத்தொரு வயது. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வெள்ளைத் துணி மடிக்கிற வேலை. தனி மனிசி, புருசன் போய்ப் பதினாறு வருசம். அவளிடம் ஒரு குணம் இருந்தது, அதை நல்லது என்பவர்களும் உண்டு, சகிக்கேலாது என்பவர்களும் உண்டு: வயிற்றில் ஒன்றையும் வைத்திருக்க மாட்டாள். மகன் நிரோஜன், கௌரிதேவியின் மகள் துளசிகாவை நாலு வருசமாக விரும்புகிறான் என்று தெரிந்த அன்றைக்கே பலகாரத் தட்டோடு போய், கதிரை நுனியில் குந்தி இருந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்தாள். புருசன் குடித்தவர், குடித்துத்தான் செத்தவர். புருசனின் தம்பி ஒருத்தன் பிரான்சில் மறியலில் கம்பி எண்ணுகிறான். மகனுக்குச் சின்னனிலே மூச்சிழுப்பு, இப்பவும் பனிக்கு வரும். பல்கலைக்கழகத்தில் ஒருதரம் பெயில். தனக்குப் பித்தப்பையில் கல், சமையலில் உப்பு கூடிப்போகும், கோபம் வந்தால் மூன்று நாள் கதைக்கமாட்டாள்.

கௌரிதேவி பயந்துபோனாள். ஆட்கள் மறைக்கிறதை எப்படிக் கிண்டி எடுப்பது என்று அவளுக்குத் தெரியும். மறைக்காதவளை என்ன செய்வது? அன்று மாலை புருசனிடம் சொன்னாள்: "இவ்வளவையும் தானாச் சொல்லுறவ, சொல்லாததை எவ்வளவு வைச்சிருப்பா? வடிவா மழை பார்க்க வேணும்."

இராசமலர் ஓம், பார்ப்பம் என்றாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். நிரோஜன்தான், "ஏனம்மா உந்த விசர் வேலை? வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்," என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். "எங்களுக்கு என்னடா பயம்?" என்று அவள் அவனுடைய முதுகில் தட்டினாள். துளசிகா இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று பிடிவாதமாய் நின்றவன் அவன், சொன்னால் செய்கிறவன், தகப்பனைப்போலத் தனியே இருந்து கரைந்துபோகிற குணமும் அவனுக்குள் கிடக்கிறது என்று அவளுக்குப் பயம். இந்தச் சம்பந்தம் அவளுக்கு அவனுடைய உயிர்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, தொண்ணூறு வீதம், உத்தம முகூர்த்தம். இரண்டு வீட்டாரும், ஐயரும், இப்படியான காரியத்துக்கு அழைக்காமலே வருகிற ஒன்றியத்து ஆட்களுமாக நாற்பது பேர் தேவாலயத்தின் நடுவிலே சப்பாத்தில்லாமல் நின்றார்கள். மழை மேட்டிலிருந்து இறங்கி, ஆற்றைத் தாண்டி, செம்மறிகளை நனைத்து, சுவரைத் தொட்டது. கூரை இருந்த உயரத்தில் நின்றது. பிறகு இராசமலரின் தலையில் விழுந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு அடி பின்னுக்கு வைத்தாள், மழையும் வந்தது. பலிபீடம் இருந்த கல்லடிக்குப் போனாள், அங்கேயும் வந்தது. தூணோடு ஒட்டி நின்றாள், தூணின் மறுபக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். பார்த்துக்கொண்டிருக்கவே அவளைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் விழுந்துவிட்டது, வட்டத்துக்கு வெளியே நாற்பது முகம், ஒரு முகத்திலும் ஈரமில்லை. கந்தப்பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினவர்களில் தானும் ஒருத்தி என்பது அப்போது அவளுக்கு நினைவு வந்தது, வெட்கமாக இருந்தது. அன்றைக்குத் தான் ஏன் நனையவில்லை என்றும் யோசித்தாள். அது அவள் பித்தப்பைக் கல்லை மகனுக்குச் சொல்லாமல் வைத்திருந்த காலம். அந்த யோசனை வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் கௌரிதேவி கிட்ட வந்துவிட்டாள்.

"மலரக்கா," என்றாள், குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படியாக. "ஏதோ இருக்குது."

"எனக்கென்ன இருக்குது? எல்லாம் உங்களுக்குச் சொல்லிப்போட்டன்."

"மழை பொய் சொல்லாது."

"நானும் சொல்லேல்லையே, கௌரி."

"அப்ப இது என்ன? நாற்பது பேரை விட்டிட்டு உங்களை மட்டும் ஏன் பிடிக்குது?" கௌரிதேவிக்குக் கண் கலங்கியது, அது நடிப்பில்லை, தன் பிள்ளையைக் கொடுக்கப்போகிற தாயின் பயம்தான். "என்னெண்டு சொல்லிப்போடுங்கோ. சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். தெரியாத ஒண்டுக்குள்ள என்ர பிள்ளையை நான் எப்பிடி அனுப்புறது? சொல்லாட்டி இந்தக் கதையை இதோட விடுவம்."

இராசமலர் தேடினாள். மழைக்குள் நின்றபடியே அறுபத்தொரு வருசத்தையும், வீடு கூட்டுவதுபோல, மூலை மூலையாகக் கூட்டிப் பார்த்தாள். சின்ன வயதில் பக்கத்து வளவில் மாங்காய் களவெடுத்தது. அது எல்லோருக்கும் தெரியும். புருசன் செத்தபோது ஒரு கணம் நிம்மதியாக மூச்சு விட்டது. அதையும் செத்தவீட்டிலேயே சொல்லிவிட்டாள். ஒன்றுமே இல்லை. ஒரு மனிசிக்கு மறைக்க ஒன்றும் இல்லாமல் போவது இவ்வளவு பெரிய ஆபத்து என்று அவள் நினைத்திருக்கவில்லை.

துளசிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிரோஜன் அவளை ஒருதரம் பார்த்தான், அவளும் பார்த்தாள், உடனே இருவரும் வேறு பக்கம் திரும்பினார்கள். பிறகு அவன் தாயிடம் வந்து, மழைக்கு ஒரு அடி வெளியே நின்று, மெல்லக் கேட்டான்.

"அம்மா, ஏதாவது இருந்தாச் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

மற்றவர்கள் சந்தேகப்பட்டதை அவள் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. பெற்று, இழுப்பு வந்த இரவுகளில் நெஞ்சில் போட்டு, ஒரு பொய்யும் சொல்லாமல் வளர்த்த பிள்ளை, இருந்தால் சொல்லு என்கிறான். ஆனால் அவனுடைய கண்ணைப் பார்த்தபோது, இந்தக் கலியாணம் போனால் இவன் போய்விடுவான் என்றதும் தெரிந்தது. சரி, இவர்களுக்கு ஒன்று வேண்டும். ஒன்று கொடுத்தால் போச்சு.

"இருக்குது," என்றாள் இராசமலர்.

நாற்பது பேரும் ஒரு அடி கிட்ட வந்தார்கள்.

"தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து கொடிகாமத்தில ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தனாங்கள். இவன் அப்ப நாற்பது நாள் பிள்ளை. எனக்குப் பால் வத்திப்போச்சு. பக்கத்து வகுப்பறையில ஒருத்திக்கும் கைப்பிள்ளை. அவளின்ர பிள்ளைக்கெண்டு ஆரோ ஒரு தகரப் பேணி பால்மாவை என்ர கையில தந்துவிட்டவை. நான் அதைக் குடுக்கேல்லை. என்ர சீலைக்குள்ள ஒளிச்சுவைச்சு, இவனுக்குக் கரைச்சுக் குடுத்தனான். ஒரு மாதம். அந்தப் பிள்ளை என்ன ஆச்சுதெண்டு நான் பிறகு கேக்கேல்லை."

நடந்தது இதற்கு நேர் மாறு. பேணி அவளுக்குத்தான் வந்தது. அவள்தான் ஒரு கரண்டி தன் பிள்ளைக்கு, ஒரு கரண்டி அந்தப் பிள்ளைக்கு என்று அளந்து ஒரு மாதம் இழுத்தாள். அந்தப் பிள்ளை இன்றைக்கு மன்னாரில் பள்ளிக்கூட ரீச்சர். அதையும் அவள் பலதரம் பலருக்குச் சொன்னவள்தான். நல்ல காரியம் என்றபடியால் கேட்டவர்கள் ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை.

பொய் வாயை விட்டுப் போய் முடிய, மழை அவளுக்கு மேலே ஒரு தரம் தயங்கியது. பிறகு, குழாயைப் பூட்டினதுபோல, நின்றது.

"பாத்தியளா!" என்றது ஒரு குரல். ஐயர் கையெடுத்துக் கும்பிட்டார். கௌரிதேவி ஓடிவந்து ஈரத்தோடு ஈரமாய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். "பெத்த தாய் வேறென்ன செய்வா, மலரக்கா? நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். இதைப்போய் இவ்வளவு காலமும் தனியச் சுமந்தியளே!" மற்றவர்களும் வந்தார்கள். ஒருத்தி தலையைத் துவட்டினாள், ஒருத்தி சால்வையைப் போர்த்தாள், அவளோடு அதிகம் கதைக்காதவர்கள்கூட அவளுடைய கையைப் பிடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார்கள். அறுபது வருசம் உண்மை சொல்லிக் கிடைக்காத மரியாதை அவளுக்கு ஒரு பொய்யில் கிடைத்தது. தையிலே கலியாணம் என்று அங்கேயே நாள் குறித்தார்கள்.

கட்டிப்பிடித்த கைகளுக்கு நடுவிலே நின்றுகொண்டு இராசமலர் மேலே பார்த்தாள். மழை அப்படியேதான் பெய்துகொண்டிருந்தது, கூரை இருந்த உயரத்தில் நின்று வழிந்துகொண்டிருந்தது. இப்போது அவளுக்கும் ஒரு கூரை இருந்தது. அது எப்படிக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும். கிடைத்தது அப்படித்தான் என்றால், மற்றவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? அவள் மெல்லத் தலையைத் திருப்பி, கௌரிதேவியின் காய்ந்த தலைமயிரைப் பார்த்தாள். ஐயரின் காய்ந்த சால்வையைப் பார்த்தாள். நனையாத புருசன்மாரையும் நனையாத பெண்சாதிமாரையும் சோடி சோடியாகப் பார்த்தாள். துளசிகாவைப் பார்த்தாள். நனைந்து நின்றபோது இவர்களுக்குத் தன்னில் இருந்த சந்தேகம், இப்போது தனக்கு இவர்களில் வந்த சந்தேகத்துக்கு முன்னால் ஒரு தூசு.

தேத்தண்ணி குடிக்க எல்லோரும் வாசல் பக்கம் போனார்கள். நிரோஜன் போகவில்லை. அவன் முகம் வெளிறிப்போய் இருந்தது.

"அந்தப் பிள்ளை, அம்மா," என்றான். "அந்தப் பிள்ளையின்ர பாலையோ நான் குடிச்சனான்?"

இல்லையடா என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொன்னால் மழை விழும். வாசலில் நாற்பது பேர் தேத்தண்ணியோடு திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். பித்தப்பைக் கல்லுக்குப் பிறகு இப்போதுதான் ஒரு சொல் உள்ளே போய் இறங்கிக் கிடந்தது, கல்லைவிடப் பாரமாக இருந்தது. பிறகு, அவனுடைய தலையைத் தடவுவதுபோலக் கையை வைத்தாள். மயிர் சருகுபோலக் காய்ந்திருந்தது. காலையிலிருந்து அவன் ஒரு துளியும் நனையவில்லை.

"நிரோஜன், நீ எனக்கு ஏதாவது மறைக்கிறியோ?"

"இல்லையம்மா," என்றான் அவன். "நீங்கள்? வேற ஏதும் இருக்குதோ?" என்று கேட்டான்.

"இல்லையப்பு," என்றாள் அவள். "எல்லாம் சொல்லிப்போட்டன்."

தாயும் மகனும் அந்தக் கூரையில்லாத தேவாலயத்தின் நடுவிலே ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். மழை வலுத்து, மேட்டையும் ஆற்றையும் மறைத்து, நாலு பக்கமும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டு பேரிலும் ஒரு சொட்டும் விழவில்லை.